விரலுக்குத் தகுந்த வீக்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மோட்டார் காரைப் பற்றி இளைஞர்கள் நால்வர் கூடிப் பேசினால் முதலில் எழும் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதே. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்தக் குதிரைகள் எப்பொழுது ஓடுகின்றன, எவ்வளவு நேரம் ஓடுகின்றன, சும்மா நிற்கும் நேரத்தில் அவற்றுக்குத் தீனி போடுவது யார் என்று கேட்பாரில்லை. அவ்வாறு கேட்கப்படாத கேள்விகளை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் சூப்பர்சார்ஜர். அன்றாடம் சாலையில் ஓடும் ஒரு காருக்கு சூப்பர்சார்ஜர் பொருத்துவதென்றால் இரண்டு செய்திகளை முடிவு செய்ய வேண்டும். அதைச் சுழற்றும் பெல்ட்டும் புல்லியும் எப்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. எஞ்சினின் அமுக்க விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களே ஆகும். அக்கேள்விக்கு விடை கூறும் உரிமை பந்தயத் திடலுக்கு இல்லை, அன்றாடச் சாலைக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சூப்பர்சார்ஜர் என்பது யாது?

பெட்ரோல் எஞ்சின் ஒரு மூச்சு வாங்கும் கருவி. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று சிலிண்டருக்குள் நுழைகிறது. எவ்வளவு காற்று நுழைகிறதோ அதற்கேற்ற அளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். பெட்ரோலை மட்டும் கூட்டி ஊற்றினால் புகைதான் மிஞ்சும். ஆகவே கூடுதல் ஆற்றல் வேண்டுமாயின் கூடுதல் காற்று வேண்டும். அதற்கு எஞ்சினைப் பெரிதாக்கலாம். அல்லது அதே எஞ்சினுக்குள் காற்றை ஒரு பம்பு கொண்டு திணிக்கலாம். அப்படித் திணிக்கும் பம்பை எஞ்சினின் கிராங்க் தண்டே பெல்ட் வழியாகச் சுழற்றுமானால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலுமானால் அது டர்போசார்ஜர்.

அமுக்க விகிதம் என்பது, பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள கொள்ளளவுக்கும் மேலே வந்தபின் எஞ்சியிருக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம். இவ்விகிதம் உயர உயர எஞ்சினின் பயனுறுதிறன் உயரும் என்பதை ஆட்டோ சுழற்சிப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அப்படியானால் விகிதத்தை வேண்டுமளவு உயர்த்தலாமே எனத் தோன்றும். அங்கேதான் 'நாக்கிங்' என்னும் இடிப்பு குறுக்கே நிற்கிறது. அமுக்கப்பட்ட கலவை மிகவும் சூடேறினால், தீப்பொறியிலிருந்து பரவி வரும் சுடர் வந்து சேருமுன்பே மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியல் கொண்டு தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அது நீடித்தால் பிஸ்டனின் தலையே உடையும்.

சூப்பர்சார்ஜர் காற்றை முன்கூட்டியே அமுக்குகிறது. அமுக்கும்போதே சூடாக்கவும் செய்கிறது. எனவே அதிகம் திணிக்க விரும்புகிறவன் அமுக்க விகிதத்தைக் குறைத்தாக வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலே இக்கட்டுரையின் உயிர்நிலை.

வரலாறு காட்டும் வழி

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் நகரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவியே இத்துறையின் பாட்டன் எனலாம். இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தள்ளும். அன்று அது காருக்காகப் பிறக்கவில்லை. காரே அன்று பிறக்கவில்லை. ஊதுலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டிய பின்னரே அது காருக்கு வந்தது.

1921 இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை வைத்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் 10/40/65. முதல் எண் வரிக்கணக்குக்கான குதிரைத்திறன். இரண்டாம் எண் சூப்பர்சார்ஜர் இயங்காதபோது கிடைக்கும் திறன். மூன்றாம் எண் அது இயங்கும்போது கிடைக்கும் திறன். ஓட்டுநர் மிதியை அடிவரை அழுத்தினால் மட்டுமே ஊதுகருவி எஞ்சினோடு இணையும். மற்ற நேரமெல்லாம் அது ஓய்வில் இருக்கும். அந்தப் பெயரை நான் பெரிதும் மதிக்கிறேன். 65 என்று மட்டும் பறைசாற்றாமல் அதற்கு முன்னால் 40 என்றும் நேர்மையாக எழுதியிருக்கிறார்களே! எப்போதும் கிடைப்பது 40, எப்போதாவது கிடைப்பது 65. காரைப் பற்றிய உண்மை அந்த இரண்டு எண்களும் சேர்ந்ததுதான்.

அடுத்து இங்கிலாந்து. பென்ட்லி நிறுவனத்தின் நாலரை லிட்டர் காருக்கு அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜரைப் பொருத்த வேண்டுமென்று பந்தய வீரர் டிம் பிர்கின் விரும்பினார். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் உடன்பாடு இல்லை. திறன் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆயினும் கார்கள் செய்யப்பட்டன. 110 குதிரைத்திறன் இருந்த கார், சாலை வடிவத்திலேயே 175 ஆயிற்று. அக்கார் புகழ் பெற்றது. 1930 இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பிர்கின் இரண்டாம் இடமும் பெற்றார். ஆனால் 24 மணி நேரம் ஓட வேண்டிய லெ மான் பந்தயத்தை அது ஒருமுறையும் வென்றதில்லை. 1930 இல் அங்கே வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத, ஆறரை லிட்டர் 'ஸ்பீட் சிக்ஸ்' பென்ட்லிதான். நெடுநேரம் ஓடும் ஓட்டம் வேறு, சிறிது நேரம் பாயும் பாய்ச்சல் வேறு.

பாய்ச்சலுக்கு உரிய களம் அமெரிக்காவில் உருவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் செய்த இருவீச்சு டீசல் எஞ்சினில், எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்கு ஒரு ரூட்ஸ் ஊதுகருவி இருந்தது. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் அந்த எஞ்சினுக்கு 6-71 என்று பெயர். பழைய எஞ்சின்களிலிருந்து அக்கருவியைக் கழற்றி, பெட்ரோல் வி-8 எஞ்சினின் மேல் ஏற்றி, கையகலப் பல் பெல்ட் மாட்டிக் கால் மைல் பந்தயத்தில் ஓட்டினார்கள். கால் மைல் என்பது 402 மீட்டர். சில விநாடிகளில் முடிந்துவிடும் ஓட்டம். அங்கே அமுக்க விகிதத்தைத் தாழ்த்திக் காற்றை வேண்டுமட்டும் திணிப்பது சரியான முறையே. அதை நான் குறை கூறவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் காய்கறிக் கடைக்குப் போகும் காரிலும் அதே முறையைப் பின்பற்ற நினைப்பதைத்தான் மறுக்கிறேன்.

ஒரே எஞ்சின், இரண்டு வடிவம்

கருத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் பயனில்லை. உண்மையான சாலைக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டில் பூட்டப்பட்ட மினி கார் அதற்கு மிகப் பொருத்தமானது. பிரேசில் நாட்டில் செய்யப்பட்ட 1598 கன செ.மீ. எஞ்சின் அதில் இரு வடிவங்களில் வந்தது. 'கூப்பர்' என்னும் வடிவத்தில் சூப்பர்சார்ஜர் இல்லை. அமுக்க விகிதம் 10.6, திறன் 115 குதிரை. 2002 இல் வந்த 'கூப்பர் எஸ்' வடிவத்தில் ஈட்டன் நிறுவனத்தின் எம்-45 சூப்பர்சார்ஜர் உண்டு. அமுக்க விகிதம் 8.3, திறன் 163 குதிரை. ஏறத்தாழ ஒரே எஞ்சின், ஒரே கார். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றிப் பார்ப்பது போன்ற வாய்ப்பு இது.

எம்-45 என்னும் பெயரில் உள்ள 45, அது ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் கன அங்குலக் கணக்கு. அதாவது சுமார் 737 கன செ.மீ. நான்குவீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழு மூச்சு வாங்குவதால், 1598 கன செ.மீ. எஞ்சினுக்கு ஒரு சுற்றில் தேவைப்படும் காற்று 799 கன செ.மீ. சூப்பர்சார்ஜர் எஞ்சினைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால் 1474 கன செ.மீ. காற்று வந்து சேரும். 799 புகவேண்டிய இடத்தில் 1474 முட்டிக்கொண்டு நிற்கிறது. கசிவு போக எஞ்சியது எல்லாம் அழுத்தமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. புல்லிகளின் விட்ட விகிதமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கும். பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பவன் அறிந்தோ அறியாமலோ அமுக்க விகிதத்தையும் தேர்ந்தெடுக்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் பாடநூலில் உள்ள வெப்பமாற்றீடற்ற நிகழ்வின் சமன்பாட்டைத் தவிர இதற்கு வேறொன்றும் தேவையில்லை. வெளிக்காற்று 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். தன்வெப்ப விகிதம் 1.4. சூப்பர்சார்ஜரின் பயனுறுதிறன் 60 விழுக்காடு. இடையில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் அது ஏறிய வெப்பத்தில் 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. இவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்ட அளவுகள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது, தீப்பொறி இல்லாமலேயே, உள்ளே உள்ள காற்றின் வெப்பநிலை என்ன?

1. சூப்பர்சார்ஜர் இல்லை, விகிதம் 10.6: 771 கெல்வின்.

2. 0.8 பார் கூடுதல் அழுத்தம், இன்டர்கூலர் இல்லை, விகிதம் 10.6: 1006 கெல்வின்.

3. அதே 0.8 பார், இன்டர்கூலர் இல்லை, விகிதம் 8.3: 913 கெல்வின்.

4. 0.8 பார், இன்டர்கூலர் உண்டு, விகிதம் 8.3: 763 கெல்வின்.

5. 0.5 பார், இன்டர்கூலர் உண்டு, விகிதம் 9: 767 கெல்வின்.

உண்மை எஞ்சினில் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சும். பெட்ரோல் ஆவியாகும்போது குளிரும். ஆகவே எண்கள் சற்று மாறும். அழுத்தம் உயர்ந்தாலே இடிப்பு நெருங்கும் என்பதும் உண்மை. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க இக்கணக்கு போதும். முதலாவதும் நான்காவதும் ஐந்தாவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். 10.6 என்னும் விகிதத்தை 8.3 ஆகத் தாழ்த்தி, காரின் முன்மூடியில் ஒரு காற்றுவாய் திறந்து அதனடியில் இன்டர்கூலரை ஏன் வைத்தார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இன்னொரு செய்தி. 0.8 பார் திணித்தால் காற்று 80 விழுக்காடு கூடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சூடான காற்று விரிந்துவிடுகிறதே! இன்டர்கூலர் இல்லாவிட்டால் 38 விழுக்காடுதான் கூடும். இருந்தால் 65 விழுக்காடு. 0.5 பாரும் இன்டர்கூலரும் சேர்ந்தால் 41 விழுக்காடு. குளிர்விக்காத 0.8 பாரைவிடக் குளிர்வித்த 0.5 பார் கூடுதல் காற்றைத் தருகிறது! அழுத்தமானியின் முள்ளைக் காட்டிப் பெருமை பேசுகிறவர் காட்டுவதில் பாதி, வெறும் வெப்பம்.

இனி இழப்பைப் பார்ப்போம். ஆட்டோ சுழற்சிக் கணக்கின்படி 10.6 விகிதத்துக்குப் பயனுறுதிறன் 61.1 விழுக்காடு, 9 க்கு 58.5, 8.3 க்கு 57.1. நடைமுறையில் இவற்றில் பாதியளவுதான் கிடைக்கும் என்றாலும் ஒப்பீடு மாறாது. 10.6 இலிருந்து 8.3 க்கு இறங்கினால் அதே பெட்ரோலில் கிடைக்கும் வேலை ஏறத்தாழ நூற்றுக்கு ஆறரைப் பங்கு குறைகிறது. 9 இல் நின்றால் நூற்றுக்கு நாலேகால் பங்குதான் குறையும். இந்த இழப்பு சூப்பர்சார்ஜர் திணிக்கும் நேரத்தில் மட்டும் ஏற்படுவதன்று. விளக்குச் சிவப்பாக இருக்கும்போதும், பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போதும், மெதுவாக ஊரைச் சுற்றும்போதும் ஒவ்வொரு நிமிடமும் ஏற்படுவது. சாலைக் காரின் வாழ்நாளில் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது. அழுத்தம் விருந்தாளி, அமுக்க விகிதம் வீட்டுக்காரன். விருந்தாளிக்காக வீட்டையே இடிக்கலாமா?

கூப்பர் எஸ் காரைச் செய்தவர்களுக்கு இது தெரியாததன்று. மிதியை இலேசாக அழுத்தும்போது காற்றைச் சுற்றிவிடும் ஒரு கிளைவழித் தடுக்கிதழை அவர்கள் வைத்தார்கள். அப்போது சூப்பர்சார்ஜர் வெறுமனே சுழலும். எஞ்சினிலிருந்து அதிக வேலையைப் பிடுங்காது. மெர்சிடிஸ் 1921 இல் கிளட்ச் கொண்டு செய்ததை இவர்கள் இதழ் கொண்டு செய்தார்கள். ஆனால் தாழ்த்திய அமுக்க விகிதத்தை எந்த இதழாலும் திரும்பப் பெற முடியாது. அடுத்த தலைமுறைக் கூப்பர் எஸ் 2006 இன் இறுதியில் வந்தபோது விகிதம் 10.5 ஆக உயர்ந்திருந்தது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சி அங்கேயே குளிரச் செய்தும், பெல்ட்டுக்குப் பதில் டர்போசார்ஜர் வைத்தும் அதைச் சாதித்தார்கள். இழந்த விகிதத்தை மீட்பதற்குப் பொறியாளர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதே அது எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்குச் சான்று.

பெல்ட் படும் பாடு

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். மேற்கண்ட 1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது 0.8 பார் அழுத்தத்துக்குக் காற்றைத் தள்ள, என் கணக்கின்படி சுமார் 12.7 கிலோவாட், அதாவது 17 குதிரைத்திறன் வேண்டும். 0.5 பாருக்கு 7.3 கிலோவாட், சுமார் 10 குதிரைத்திறன் போதும். இந்தக் குதிரைகள் அனைத்தும் ஓர் ஒல்லியான பெல்ட்டின் மீதேறித்தான் போக வேண்டும்.

கிராங்க் புல்லியின் விட்டம் 12 செ.மீ. என்று கொண்டால் பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 37.7 மீட்டர். திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். 0.8 பாருக்கு பெல்ட்டின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இடையே 34 கிலோகிராம் எடை அளவு வேறுபாடு வேண்டும். 0.5 பாருக்கு 20 போதும்.

இந்த வேறுபாட்டை உராய்வுதான் தாங்குகிறது. புல்லியைச் சுற்றிய பெல்ட்டில் இரு பக்க இழுவிசைகளின் விகிதம், உராய்வுக் குணகத்தையும் சுற்றுக் கோணத்தையும் பெருக்கி வரும் எண்ணின் அடுக்குக்குறிப்படி உயரும். உராய்வுக் குணகம் 0.3, சுற்றுக் கோணம் 120 டிகிரி என்றால் தட்டைப் பெல்ட்டுக்கு இவ்விகிதம் 1.87 தான். அதே பெல்ட்டில் நீளவாக்கில் 40 டிகிரி வி-வரிகள் இருந்தால், ஆப்பு போல் பள்ளத்தில் இறுகுவதால், விகிதம் 6.3 ஆகிவிடும். அதாவது 34 கிலோ வேறுபாட்டுக்குத் தட்டைப் பெல்ட்டை 73 கிலோ இழுவிசை வரை முறுக்க வேண்டும். வரிப் பெல்ட்டுக்கு 41 கிலோ போதும். மீதமுள்ள 32 கிலோ யாருடைய தலையில் விழும்? சூப்பர்சார்ஜரின் பேரிங்கின் தலையிலும் கிராங்க் தண்டின் தலையிலும். பெல்ட் வழுக்குகிறதென்று இழுத்து இழுத்துக் கட்டினால் பேரிங் போகும் என்பதை நம்மூர் நெல் மில்லில் வேலை செய்கிறவர்கள் சமன்பாடு இல்லாமலே அறிவார்கள்.

வேகமும் ஒரு பகை. மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள பெல்ட் விநாடிக்கு 37.7 மீட்டர் வேகத்தில் சுற்றும்போது மையவிலக்கு விளைவால் மட்டும் 14 கிலோவுக்கு மேல் இழுவிசை வீணாகிறது. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்.

கூப்பர் எஸ் காரில் ஆர்வலர்கள் பெரிதும் விரும்பிச் செய்த மாற்றம், சூப்பர்சார்ஜர் புல்லியை 15 விழுக்காடு சிறிதாக்குவது. சுழலிகளின் வேகம் 17.6 விழுக்காடு கூடும், அழுத்தம் கூடும். ஆனால் விசையும் கூடும், அதைத் தாங்க வேண்டிய தொடுபரப்போ குறையும். மாறாக, கிராங்க் புல்லியை 17.6 விழுக்காடு பெரிதாக்கலாம். தொடுபரப்பு குறையாது. ஆனால் பெல்ட்டின் வேகம் கூடி மையவிலக்கு இழப்பு 38 விழுக்காடு உயரும். அதே பெல்ட்டில் உள்ள மின்னாக்கியும் குளிர்சாதனக் கம்பிரசரும் தேவையின்றி வேகமாகச் சுழலும். இரண்டில் எதைச் செய்தாலும், 8.3 விகிதத்துக்காகக் கட்டிவைத்த வெப்பநிலை வரம்பு கரைந்துபோகும். பெல்ட்டில் கைவைத்தவன் அமுக்க விகிதத்திலும் கைவைத்துவிட்டான்.

பல் பெல்ட் வழுக்காதே, அதையே போடலாமே என்று சிலர் கேட்கலாம். வழுக்காது என்பது உண்மை. அதிகம் முறுக்கிக் கட்டவும் வேண்டியதில்லை. ஆனால் அது அதிகம் ஓசை செய்யும். கியர் மாற்றும்போது ஏற்படும் அதிர்ச்சியை அப்படியே சுழலிகளுக்குக் கொண்டுபோகும். சுழலி ஏதேனும் காரணத்தால் இறுகிக்கொண்டால் பல் பெல்ட் விட்டுக்கொடுக்காது. வரிப் பெல்ட்டோ கீச்சிட்டு எச்சரிக்கும்; மீறினால் வழுக்கும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலை அது. பந்தயக்காரனுக்கு வழுக்கல் குற்றம். குடும்பத்தோடு போகிறவனுக்கு அது காவல்.

கூப்பர் எஸ் காரில் இன்னுமொரு செய்தி உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது அந்த சூப்பர்சார்ஜரே. எனவே பெல்ட் அறுந்தால் கூடுதல் குதிரைகள் மட்டும் போவதில்லை. தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது, மின்னாக்கமும் நிற்கிறது. ஓட்டுநர் வெப்பமானியைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போனால் எஞ்சினும் கூடவே போகும். சில குதிரைகளுக்கு ஆசைப்பட்டு அந்தப் பெல்ட்டின் மேல் கூடுதல் சுமை ஏற்றுபவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் முடிவு

நம் பெரியோர்கள், "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்றார்கள். சாலைக் காருக்கு அதுவே விதி. முதலில் எரிபொருளைப் பார்க்க வேண்டும். எல்லாப் பங்கிலும் கிடைக்கும் பெட்ரோல் எதுவோ அதுவே அளவுகோல். பிறகு, அந்த எரிபொருள் தாங்கும் வரையில் அமுக்க விகிதத்தை உயர்வாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலை வெளியிலேயே பீய்ச்சும் பழைய முறை எஞ்சினுக்கு 9 ஐ ஒட்டிய விகிதமும் இன்டர்கூலரோடு கூடிய 0.5 பாரும் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன. அதன் பிறகே புல்லி. அதற்கும் பிறகே பெல்ட்; அதுவும் வரிப் பெல்ட், போதிய சுற்றுக் கோணம், தானே இறுக்கம் காக்கும் இறுக்கி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சிறிய புல்லியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தேடுகிறார்கள்.

"அதிக அழுத்தமும் தாழ்ந்த விகிதமும் கொண்ட எஞ்சினே உச்சத் திறனில் வெல்லும், நீ சொல்வது கோழைகளின் எஞ்சின்" என்பார் உண்டு. உச்சத் திறனில் அது வெல்லும் என்பதை மறுக்கவில்லை. என் கணக்கிலேயே 65 விழுக்காடு எங்கே, 41 விழுக்காடு எங்கே! ஆனால் அந்த உச்சம் நாளொன்றுக்கு எத்தனை விநாடி கிடைக்கும்? நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும் நேரம் மட்டுமே. அந்தச் சில விநாடிக்கு 41 விழுக்காடு தாராளமாகப் போதும். மீதி நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

"கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு சூப்பர்சார்ஜர் ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. எங்கள் வீட்டில் கார் இல்லை; இரண்டு மிதிவண்டிகள் உண்டு. கல்லூரி வாசலை மிதித்தவனும் எங்கள் குடும்பத்தில் நானே முதல்வன். அதனாலேயே எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. பொருளை வாங்கும் வசதி உள்ளவனுக்கு விற்பவன் சொல்வதே போதும். பிழைத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். ஒருமுறைதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ளவனுக்கு, சொல்லப்படும் எண் மெய்யா என்று தானே கணக்கிட்டுப் பார்க்கும் ஆற்றல் வேண்டும். இன்று காராக இருந்தாலும், நாளை வயலுக்கு வாங்கும் பம்புசெட்டாக இருந்தாலும், "உச்சத்தில் எவ்வளவு?" என்பதோடு நில்லாமல் "அன்றாடம் எவ்வளவு?" என்றும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பட்டப் படிப்பின் பயன் அதுவன்றி வேறென்ன?

நம் நாட்டில் பதிவு பெற்ற வண்டியின் எஞ்சினைத் தன் விருப்பம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. ஆதலால் எவரும் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியைத் தேட வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. நம் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெப்பமாற்றீடற்ற நிகழ்வையும் உராய்வு விதியையும் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்துவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம். ஒரு மர உருளை, ஒரு கயிறு, சில எடைக்கற்கள், ஒரு வில் தராசு இருந்தால் போதும். சுற்றுக் கோணம் கூடக் கூடக் கயிற்றின் பிடி எப்படி மடங்கு மடங்காக உயர்கிறது என்பதை ஒரே மதியத்தில் ஆய்வுக்கூடத்தில் காட்டிவிடலாம். அதைக் கையால் உணர்ந்த மாணவன் பெல்ட்டைப் பற்றிய சமன்பாட்டை வாழ்நாளில் மறக்கமாட்டான்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை யாரேனும் ஒரு காரின் குதிரைத்திறனைச் சொல்லிக் கண்களை விரித்தால், அமுக்க விகிதம் என்ன என்று அமைதியாகக் கேளுங்கள். பெல்ட் எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்றும் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடலாம். நிற்காவிட்டால், அன்றைக்கு நல்லதொரு இயற்பியல் வகுப்பு மரத்தடியிலேயே நடந்தேறும்.